ஓட்டோவுக்குள்ள உறுமி

நேத்து பின்னேரம் டச் பே கரையில நிண்ட ஓட்டோ ஒண்டில லண்டன் தமிழ்ப் பாட்டுக்காரி எம்.ஐ.ஏ.ட கலா அல்பம் போய்க்கொண்டிருந்துது, அப்பிடியே நிண்டுட்டன். 2005ல முதல் அல்பத்துக்கு அப்பாட பேர், 2007ல ரெண்டாவதுக்கு அம்மாட பேர், எங்கட பிள்ளையெல்லோ ;) அமெரிக்கா விசா குடுக்காததால இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா எண்டு அலைஞ்சு செஞ்சது, சென்னையில உறுமிக்காரரை வச்சு அடிச்ச அடி இருக்கே, ஓட்டோ ஸ்பீக்கர் கிழிஞ்சு கரகரத்தும் நெஞ்சுக்குள்ள இடிக்குது. ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை அதைத்தான் அந்த வருசத்து முதலாவது அல்பமா போட்டது, அதில ஒரு பாட்டு 2008ல அமெரிக்க சார்ட்டில 4ம் இடம் வரைக்கும் போனது. அந்த நேரம் எங்கட அம்மா "இதென்னடி தகரத்தில அடிக்கிற சத்தம், நிப்பாட்டு" எண்டவ. நேத்து வீட்ட வந்து திரும்பப் போட்டன், கீரை ஆய்ஞ்சுகொண்டே காலால தாளம் போடுறா