நடைக் கையேட்டில் இருக்க வேண்டியதும் வேண்டாததும்

ஒரு பத்திரிகையோ பதிப்பகமோ தன் எழுத்து ஒரே சீராக இருக்க வகுத்துக்கொள்ளும் விதித் தொகுப்புதான் நடைக் கையேடு. அந்தப் பெயரில் பல இடங்களில் சுற்றுவது வல்லினம் மிகும், மிகா இடங்களின் பட்டியல்தான். அதற்கு இலக்கணப் புத்தகமே போதும். ‘பாடத்தைப் படி’யில் ஒற்று வருமா என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. இரண்டு வடிவங்களும் புழக்கத்தில் இருந்து, ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய இடங்கள்தான் கையேட்டுக்குரியவை: 1978இல்லா, 1978-ல்லா? கைதானவரை ‘அவர்’ என்பதா, ‘அவன்’ என்பதா? ‘இந்த பஸ்’ஸா, ‘இந்தப் பஸ்’ஸா? ‘பஸ்’ஸில் உள்ள ப ‘பல்’லில் உள்ள ப அல்ல, அதன்முன் ஒற்றுப் போட்டால் வாய் ஒத்துழைக்காது. பிறமொழிச் சொல்லுக்கு முன் ஒற்று வேண்டாம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியிலும் நல்ல எடிட்டர்கள் உண்டு.

அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டியது சொற்களைச் சேர்த்து எழுதுவதற்கும் பிரித்து எழுதுவதற்கும். ‘அவர்கூட வந்தார்’ என்றால் அவரும் வந்துவிட்டார் என்ற வியப்பு. ‘அவர் கூட வந்தார்’ என்றால் துணைக்கு வந்தார். ‘கொண்டுவந்துவிட்டான்’ வேறு, பிள்ளையைப் பள்ளியில் ‘கொண்டுவந்து விட்டான்’ வேறு. துணைவினை சேரும், தனிப்பொருள் தரும் வினை பிரியும் என்று ஒரு வரி எழுதி, கீழே பத்து எடுத்துக்காட்டுகள் கொடுத்தால் பெரும்பாலான சண்டை தீரும். ஆனால் ‘எழுதிக்கொண்டிருந்திருக்கலாம்’ போன்ற சொல் அகலம் குறைந்த அச்சுப் பத்தியில் வந்தால், அது அடுத்த வரிக்குப் போய், முந்தைய வரி இடைவெளி விழுந்து பல் விழுந்த வாய்போல இளிக்கும். அங்கே ‘எழுதிக்கொண்டு இருந்திருக்கலாம்’ என்று பிரிக்கலாம் என்ற விலக்கையும் எழுதிவையுங்கள்.

முடிவெடுத்ததும் எல்லோரும் ஓடுவது ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானுக்கு. ‘கட்டடம்’ என்று தீர்மானித்து ‘கட்டிடம்’ என்று தேடினால் ‘கட்டிடத்தில்’, ‘கட்டிடங்கள்’ இரண்டும் தப்பிவிடும். சரி, ‘கட்டிட’ என்று தேடி மாற்றலாம் என்றால், உரையாடலில் வரும் ‘பணத்தைக் கட்டிடலாம்’ ‘கட்டடலாம்’ ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. மேற்கோளிலும் நிறுவனப் பெயரிலும் கைவைக்கக் கூடாது என்பதையும் கையேட்டில் அந்தச் சொல்லின் பக்கத்திலேயே குறியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழை இன்னொன்று. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டைத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதுவார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறி உட்காரும். இதையும் மொத்தமாக மாற்றினால் ‘ஒளி’, ‘ஒளிந்தான்’ எல்லாம் நாசம். கௌ-வுக்குப் பதில் கெ, ள என்று தட்டிய ‘கெளரி’யைத் திருத்தப் போனால் கெளுத்தி மீன் மாட்டிக்கொள்ளும். ஆகவே எழுத்தைத் தேடாமல் முழுச்சொல்லைத் தேடுங்கள்.

ஒற்றுத் திருத்தம் கடைசியில்தான். ‘அந்தக் கோயில்’ என்று சரிசெய்து வைத்த பிறகு யாராவது நடுவில் ‘பழைய’ சேர்ப்பார்கள். ‘அந்தக் பழைய கோயில்’ அச்சாகும். வாக்கியத்தில் இனிக் கைவைக்கப் போவதில்லை என்றான பிறகு, ‘க் ப’, ‘ப் க’, ‘த் க’, ‘ச் ப’ என்று இடைவெளியோடு ஒவ்வொரு சேர்க்கையாகத் தேடுங்கள். ‘பேங்க் பக்கம்’ போன்ற பிறமொழிச் சொற்களைத் தள்ளிவிட்டால், மிஞ்சுவது அநேகமாக எல்லாமே பிழை.