துளசி ஆய்வு: திகதியைக் கட்டுரையிலிருந்து எடுக்காதீர்கள்

இறுதியாண்டு ஆய்வுக்கு மூலிகைப் பயிர் எடுத்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு எழுதுகிறேன். நான் எடுத்தது துளசி. எப்போது நட்டு எப்போது வெட்டினால் இலையிலிருந்து வடிக்கும் வாசனை எண்ணெய் கூடும் என்பது கேள்வி. இடம் கிளிநொச்சிப் பக்கம், செம்மண் தரை.

வாசித்த கட்டுரைகளில் பாதி லெமன் பாம் பற்றியவை. துளசியின் குடும்பம்தான், இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணக்கும். அவற்றில் “வசந்தத்தில் நடுக” என்றிருந்ததைப் பார்த்து, நானும் ஏப்ரல் என்று திட்டத்தில் எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: “அந்த மாசத்தில அங்க செடிக்கு என்ன கிடைக்குது? இங்க என்ன கிடைக்கும்?”

அதற்குப் பதில் தேடிய ஒரு வாரம்தான் என் ஆய்வைக் காப்பாற்றியது. அந்தக் கட்டுரைகள் வந்த ஜெர்மனியில் வசந்தத்தில் நட்டால் பகல் நீண்டுகொண்டே போய் ஜூனில் 16 மணித்தியாலத்தைத் தொடும். கிளிநொச்சி இருக்கும் வன்னியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். நடுகைத் திகதியை மாற்றினால் இங்கே மாறுவது மழையும் முகிலும் காற்றும். கார்த்திகை மழையில் நாற்று அழுகும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் தண்ணீர் விட்டாலும் இலை சிறுக்கும். அதனால் மழை ஓயும் மார்கழிக் கடைசி, தை, மாசி என்று மூன்று திகதி வைத்தேன்.

வெட்டுவதிலும் லெமன் பாமைப் பின்பற்ற வேண்டாம். அதைப் பூக்குமுன் வெட்டுவார்கள். துளசியைப் பூ நிறைந்த பருவத்தில், நட்டு 90 நாள் அளவில் வெட்டுவது வழக்கம்.

முதல் வெட்டு எனக்குப் பிழைத்துப்போனது. காலையில் வெட்டி உரப்பையில் கட்டி வைத்தோம், எண்ணெய் வடிக்கும் உபகரணம் பின்னேரம்தான் கிடைத்தது. பைக்குள் கையை விட்டால் சூடு. நடுவிலிருந்த இலை கறுத்திருந்தது. அந்தத் தரவு முழுவதையும் விடவேண்டி வந்தது. அப்புறம் உபகரணத்துக்கு நாள் பதிந்த பிறகே கத்தியை எடுத்தேன். பனி காய்ந்ததும் எல்லாப் பாத்தியையும் ஒரே நேரத்தில் வெட்டி, இலையை நிழலில் பரப்பினேன்.

வடிக்கும் மூன்று மணித்தியாலமும் பக்கத்திலேயே இருங்கள். அளவுக்குழாயில் சேர்வது ஒரு மெல்லிய மஞ்சள் கோடு, அவ்வளவுதான். குனிந்து கண்ணை நேரே வைத்து வாசியுங்கள். ஒரு பிரிவு தவறினால் முடிவே மாறிவிடும்.

வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் நெடுநேரம் கேட்டது எண்ணெய் வீதமா, எண்ணெய் விளைச்சலா என்பதை. நூறு கிராம் இலையில் எவ்வளவு எண்ணெய் என்பது வீதம். அந்த வீதப்படி ஒரு பாத்தியின் முழு இலைக்கும் கிடைப்பது விளைச்சல். என் மாசிப் பாத்தியில் வீதம் கூட, இலை குறைவு. தையில் நட்டது இலையால் முந்தியது. இரண்டு அட்டவணையையும் கையில் கொண்டு போங்கள்.