ஏலியன்: ஐசோலேஷன் – விளையாடும்போது எழுதியவை

அக்டோபர் 4

2014 அக்டோபரில் வந்த கேம். இப்போதுதான் கைக்கு வந்தது. செய்தவர்கள் கிரியேட்டிவ் அசெம்பிளி; டோட்டல் வார் வரிசையில் பெரும்படைகளை மோதவிட்டே பேர் வாங்கியவர்கள். அவர்கள் ஒரே ஒரு வேற்றுக்கிரக ஜந்துவை வைத்து, அதனிடமிருந்து ஒளிந்து தப்பிக்கும் கேம் செய்ததே வேடிக்கைதான். அன்று கேம் விமர்சனம் எழுதும் ஐஜிஎன் தளம் இதற்கு 10க்கு 5.9 போட்டது, பிசி கேமர் பத்திரிகை 100க்கு 93 போட்டது. இத்தனை தூரம் விலகி நிற்கும் மதிப்பெண்களைப் பார்த்தாலே எனக்கு விளையாடத் தோன்றிவிடும்.

1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் நாயகி எலன் ரிப்ளியின் மகள் அமாண்டாதான் நாயகி. அம்மா காணாமல் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அவர் போன கப்பலின் பதிவுக் கருவி செவாஸ்தபோல் என்ற விண்வெளி நிலையத்தில் இருப்பதாகத் தகவல் வர, தேடிப் போகிறாள். கதை நடப்பது 2137இல். ஆனால் எங்கே பார்த்தாலும் குமிழ்த் திரை, பச்சை எழுத்து, தடித்தடியான பொத்தான்கள். 1979இல் கற்பனை செய்த எதிர்காலத்தைத் தாண்டி ஒரு பொருளும் உள்ளே வரக் கூடாது என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். திரைகளில் ஓடும் காட்சிகளை நிஜமாகவே விஎச்எஸ் டேப்பில் பதிந்து, கோடும் நெளிவுமாகத் திரும்ப எடுத்துச் சேர்த்தார்களாம். நம்புகிறேன், அந்த நெளிவு கணினியில் போட்டது மாதிரி இல்லை.

முதல் சில மணி நேரம் ஜந்துவின் நடமாட்டமே இல்லை. வெறும் தாழ்வாரம், சுவரில் கிறுக்கல், எங்கோ இரும்பு முனகும் சத்தம். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே கழன்றுகொள்வார்கள்.

அக்டோபர் 5

மருத்துவப் பகுதி. வந்துவிட்டது.

இனி எழுதுவதெல்லாம் இதைப் பற்றித்தான் இருக்கும் போல. மற்ற கேம்களில் எதிரிக்கு ஒரு ரோந்துப் பாதை இருக்கும். கொஞ்ச நேரம் கவனித்தால் எப்போது முதுகு காட்டுவான் என்று தெரிந்துவிடும். இதில் அந்த ஜம்பம் பலிக்காது. உள்ளே இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. மேலே இருக்கும் ‘டைரக்டர்’ என்கிற மூளைக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும். ஆனால் அது ஜந்துவுக்கு “இந்தப் பக்கம் போய்ப் பார்” என்று மட்டுமே சொல்லும். அதற்கப்புறம் ஜந்து தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் தேட வேண்டும். நம் அருகிலேயே ரொம்ப நேரம் சுற்றினால் பதற்றத்தின் அளவு நிரம்பிவிட்டது என்று டைரக்டர் கணக்குப் போட்டு, அதைக் காற்றுக்குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும். போய்விட்டது என்று நாம் மூச்சுவிடுவதற்குக்கூட ஒருவர் நேரம் குறித்துக் கொடுக்கிறார்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் பயம் குறையவில்லை. மேஜைக்கு அடியில் கிடக்கும்போது அந்த வால் தரையில் இழுபடுவதைப் பார்த்தால் ஏஐ பாடமெல்லாம் மறந்துபோகிறது.

அக்டோபர் 9

கையில் இருக்கும் மோஷன் டிராக்கர் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அசைவதை மட்டும்தான் காட்டும். ஜந்து அசையாமல் நின்றால் திரை காலி. புள்ளி பக்கத்தில் தெரியும். ஆனால் அது இதே தளத்தில் நடக்கிறதா, கூரைக்குழாய்க்குள் ஊர்கிறதா என்று தெரியாது. கருவியைத் தூக்கிப் பிடித்தால் பின்னணி மங்கிவிடும், அதாவது ஒன்று திரையைப் பார்க்கலாம், இல்லையென்றால் எதிரே பார்க்கலாம். கிட்டே வந்துவிட்டால் அதன் ‘பிப் பிப்’ ஜந்துவின் காதுக்கும் எட்டும். உதவும் பொருளே காட்டிக்கொடுக்கும் பொருளும்!

சேவ் செய்வதும் இதே புத்திதான். அங்கங்கே சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகி, மூன்று விளக்கும் எரியும்வரை நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் பின்னாலிருந்து பிடித்தால் போச்சு. ஐஜிஎன்காரருக்கு இது எரிச்சல் என்றால் எனக்குப் புரிகிறது: அரை மணி நேரம் ஊர்ந்து சேர்த்ததெல்லாம் கடைசித் திருப்பத்தில் போகும்போது கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் இதை மாற்றச் சொல்ல மாட்டேன். இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் அந்தத் தாழ்வாரம் வெறும் தாழ்வாரம்.

அக்டோபர் 12

மனிதர்கள் மோசம். முகம் மெழுகு மாதிரி, உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். துணைப் பாத்திரங்கள் யாரும் மனதில் நிற்கவில்லை. கதை என்று பார்த்தால் “அந்தக் கதவுக்கு மின்சாரம் கொடு, இந்த லிஃப்டை ஓடவை” என்பதுதான்.

வொர்க்கிங் ஜோ என்ற மலிவு விலை ஆண்ட்ராய்டுகள் (மனித உருவ ரோபோக்கள்) பரவாயில்லை. ரப்பர் முகம், அவசரமே இல்லாத நடை, கழுத்தை நெரிக்கும்போதும் வரவேற்பாளர் குரல். ஆனால் அவற்றோடு சண்டை போடுவது அலுப்பு. அடித்தாலும் சுட்டாலும் லேசில் விழுவதில்லை.

அக்டோபர் 18

ஃபிளேம்த்ரோவர், அதாவது தீயைக் கக்கும் ஆயுதம், கிடைத்துவிட்டது. எதை வைத்தும் ஜந்துவைக் கொல்ல முடியாது என்ற விதி அப்படியேதான் இருக்கிறது; ஆனால் தீயைக் காட்டினால் பின்வாங்குகிறது. வர வரத் தீக்கும் பழகிப்போய் முன்புபோல் ஓடுவதில்லை, அது நல்ல யோசனை. இருந்தாலும் என் நடை மாறிவிட்டது. முன்பு கதவைத் திறக்கும் முன் காது கொடுத்துக் கேட்டேன். இப்போது எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். பயம் கணக்காகிவிட்டது.

அக்டோபர் 19

(கதை தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.) பாதி தாண்டியதும் ஜந்துவை நிலையத்தின் ஒரு பகுதியோடு சேர்த்துக் கழற்றி வெளியே தள்ளுகிறார்கள். அருமையான காட்சி. அங்கே முடித்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அதற்கப்புறமும் மணிக்கணக்கில் நீள்கிறது. ஆண்ட்ராய்டுகள், இன்னும் ஆண்ட்ராய்டுகள், பிறகு உலைக்கு அடியில் ஒரு கூடு. ஒன்றுதான் என்று நம்பியிருந்தது பலவாகிறது. எண்ணிக்கை கூடக்கூட மிரட்டல் கூடும் என்று யார் சொன்னது? ஒற்றையாக இருந்தபோது அதற்கு ஒரு குணம் இருந்தது, என்னைத் தெரிந்துவைத்திருப்பது போல. பலவானதும் அது வெறும் எதிரி.

அக்டோபர் 26

முடித்தேன். கடைசிக் காட்சி திரையில் காட்டும் பொத்தானைச் சரியான நேரத்தில் அமுக்கும் வேலை, அப்புறம் பாதியில் அறுந்த முடிவு. இத்தனை நேரம் ஊர்ந்தவனுக்கு இது போதாது.

அக்டோபர் 28

‘க்ரூ எக்ஸ்பெண்டபிள்’ என்ற சின்ன துணைக்கதை விளையாடினேன். நாஸ்ட்ரோமோ கப்பல், படத்தில் வந்த அதே ஆட்கள். படத்தில் எலன் ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவரே குரல் கொடுத்திருக்கிறார். ஜந்துவை ஏர்லாக் (கப்பலிலிருந்து விண்வெளிக்குத் திறக்கும் அறை) பக்கம் விரட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சீக்கிரமே முடிந்துவிடுகிறது. முடியும்வரை உள்ளங்கை ஈரமாகவே இருந்தது. இரண்டாம் பாகம் வேலையில் இருப்பதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். செய்கிறவர்கள் முதலில் இதை ஒருமுறை திரும்ப விளையாடிப் பார்க்கட்டும்.