ஓரத்தில் நிற்பவர்கள்

தொடர்களில் கதாநாயகனை நான் சகித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். பார்ப்பதெல்லாம் மற்றவர்களுக்காக. ஒரே ஒரு காட்சிக்கென்று எழுதப்பட்டு, வந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. என் தங்கைக்கு இது பிடிக்காது. "கதையைப் பார் அண்ணா, ஓரத்தில் நிற்பவரையே எவ்வளவு நேரம் பார்ப்பாய்?" என்பாள். கதை எங்கே ஓடிவிடப் போகிறது?

'பிரேக்கிங் பேட்' தொடரின் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடு, 2009. (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்காக நான் வருத்தப்படுவதாக இல்லை.) காதலி இறந்து கிடக்கிறாள். போதைமருந்து தயாரிக்கும் கதாநாயகனின் கூட்டாளி ஜெஸ்ஸி பேச்சற்று உறைந்துபோயிருக்கிறான். வழுக்கைத் தலையும் அலுத்துப்போன கண்களுமாக ஒரு பெரியவர் உள்ளே வருகிறார். ஆறுதலாக ஒரு சொல் கிடையாது. வீட்டைத் துழாவி, போலீஸ் கண்ணில் படக்கூடாததையெல்லாம் அப்புறப்படுத்துகிறார். தூங்கி எழுந்தேன், இப்படிக் கிடந்தாள், வேறெதுவும் தெரியாது என்று பையனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார். அவன் திணறும்போது கன்னத்தில் ஒன்று விழுகிறது. வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். சில நிமிடங்கள்தான். ஆனால் இந்த மனிதர் இதே வேலையை இதற்குமுன் எத்தனை வீடுகளில் செய்திருப்பார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

உண்மையில் அந்த வேலை வக்கீல் சால் குட்மேனுக்குப் போயிருக்க வேண்டியது. சாலாக நடித்த பாப் ஓடென்கிர்க் அப்போது வேறொரு தொடரில் மாட்டிக்கொண்டிருந்ததால் ஜோனதன் பேங்க்ஸை அழைத்து மைக் என்று பெயர் வைத்தார்கள். ஒருவருடைய கால்ஷீட் இடித்ததால் இன்னொருவர் பிறந்தார். 2015-இல் முன்கதைத் தொடரான 'பெட்டர் கால் சால்' தொடங்கியபோது அந்த மைக்குக்கு மருமகள், இறந்த மகன் என்று ஒரு முழு வாழ்க்கையே கிடைத்துவிட்டது. அட, ஜெஸ்ஸியே முதல் சீசனில் சாக வேண்டியவன்தான். ஆரோன் பால் நடித்ததைப் பார்த்துவிட்டு தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் மனம் மாறினார். 'ஜஸ்டிஃபைட்' தொடரின் பாய்ட் கிரவுடரும் முதல் எபிசோடிலேயே போயிருக்க வேண்டிய ஆள். ஆறு சீசன் கழித்து, 2015-இல், தொடரின் கடைசிப் பேச்சே அவனுக்கும் கதாநாயகனுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

எனக்கு இதைவிடவும் பிடித்தவர் திரையில் முகம் காட்டாத ஒரு பெண்மணி. 'ஃப்ரேசியர்' தொடரில் கதாநாயகனின் தம்பி நைல்ஸின் மனைவி மாரிஸ். பெரும் பணக்காரி, நம்ப முடியாத ஒல்லி, கோபக்காரி. எல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். வர்ணனை எபிசோடுக்கு எபிசோடு ஏறிக்கொண்டே போய், எந்த நடிகையாலும் பொருந்த முடியாத உருவமாகிவிட்டது. காட்டாமலே விட்டுவிட்டார்கள். அந்தக் கதாநாயகன் ஃப்ரேசியர் கிரேனும் 1984-இல் 'சியர்ஸ்' தொடருக்குச் சில எபிசோடுகளுக்கென்று வந்தவர்தான். பிறகு தன் பெயரிலேயே தனித் தொடர் கிடைத்து 2004 வரை தொடர்ந்து இருந்தார்.

ஆண்டுக்கு இருபதுக்கு மேல் எபிசோடு எழுதிய காலத்தில் இது சாத்தியமாயிற்று. முதல் எபிசோடுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவற்றை எழுதுவார்கள். யார் வாயில் வசனம் உயிர்பெறுகிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் பேனா சாயும். இப்போது பல தொடர்களில் எட்டே எபிசோடு, எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு மொத்தமாக வெளியிடுகிறார்கள். மூன்றாவது எபிசோடில் செத்த ஆள்தான் தொடரின் உயிர் என்று தெரியவரும்போது படப்பிடிப்புத் தளத்தையே கலைத்திருப்பார்கள். அப்புறம் என்ன, அடுத்த சீசனில் இறந்தவருக்கு இரட்டைச் சகோதரர் ஒருவர் முளைக்கிறார்.