புலவர் அங்கே என்ன செய்கிறார்?

காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் நான் உட்காரும் இடம் வளவுதான், வீட்டு நடுவில் வெளிச்சம் விழும் முற்றம். பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம், பிற்பகல் மூன்று மணிவரை அங்கே விளக்குப் போடாமலே படிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் பத்தாம் வகுப்புக் கட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 8 மதிப்பெண் நெடுவினா ஒன்றில் ஒரு பையன் ‘கூறுகிறார்’ என்று 11 முறை எழுதியிருந்தான். புலவர் கூறுகிறார், அழகாகக் கூறுகிறார், மேலும் கூறுகிறார், இவ்வாறு கூறுகிறார். அடுத்த தாளை எடுத்தால் ‘வலியுறுத்துகிறார்’. அதற்கடுத்ததில் இரண்டும். கட்டு முழுக்க இந்த இரண்டு வினைதான். எனக்கு வருத்தமாகிவிட்டது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் படிக்காதவர்கள் இல்லை, பாட்டை அடிபிறழாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள், ஆனால் பாட்டுக்குள் போய்வந்த தடம் ஒன்றுகூட விடைத்தாளில் இல்லை.

நான் முதலில் செய்த வைத்தியம் தவறானது. ஒரு சார்ட் அட்டையில் சொல், கூறு, இயம்பு, பகர், செப்பு, மொழி, நவில், நுவல், விளம்பு, உரை, அறை என்று எழுதி வகுப்பில் மாட்டினேன். அரையாண்டில் கம்பர் நவின்றார், வள்ளுவர் விளம்பினார், பாரதியார் இயம்பினார். சொல் மாறியது, படிப்பு மாறவில்லை. அந்தப் பதினொன்றும் ஒரே வேலையைத்தான் குறிக்கின்றன, வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லும் வேலை. அட்டையை நானே கழற்றினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வழி காட்டியது ஒரு கொட்டான், ஓலையில் முடையும் சின்னக் கூடை. வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டு விசேஷத்துப் பலகாரத்தை ஒரு கொட்டானில் வைத்து எடுத்து வந்திருந்தாள், சின்னதுதான், பச்சையும் சிவப்பும் கட்டம் கட்டமாக, விளிம்பு அவ்வளவு ஒழுங்கு. “உங்கம்மா செஞ்சதா?” என்று கேட்டேன். “அம்மா முடைஞ்சதும்மா” என்றாள். திருத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவளுக்கு வேறு சொல் வராது, அவ்வளவுதான். எப்படி என்று கேட்டேன். ஓலையைக் காயவைத்து, கிழித்து, சாயத்தில் முக்கி, திரும்பவும் காயவைத்து, அப்புறம்தான் முடையணும் என்றாள். ஒரு கொட்டானுக்குள் இத்தனை வினை இருப்பது அவளுக்குத் தெரியும். அதே பெண் அதே தேர்வில் புறநானூற்றுப் பாட்டுக்கு ‘கூறுகிறார்’ என்று எழுதியவள்.

இத்தனைக்கும் வினைமரபு என்று நாம் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். கூடை முடை, பானை வனை, சுவர் எழுப்பு, முறுக்குத் தின், பால் பருகு. ஒரு மதிப்பெண், யாரும் தப்பு விடுவதில்லை. பொருளைப் பார்த்துத்தான் வினை வரும் என்ற அந்தப் பாடம் செய்யுள் பக்கம் வந்ததும் காணாமல் போய்விடுகிறது, அதற்குக் காரணம் நாங்கள்தான், ஆசிரியர்கள். ‘புலவர் என்ன கூறுகிறார்?’ என்றுதான் கேள்வியே கேட்கிறோம். கேள்வியில் உள்ள வினையைத்தானே பிள்ளை விடையில் திருப்பித் தரும்? அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன். புலவர் அங்கே என்ன செய்கிறார்?

முதலில் கணியன் பூங்குன்றனாரை வைத்துப் பார்த்தோம். அவருடைய பூங்குன்றம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கத்து மகிபாலன்பட்டிதான் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பாட்டுக்கு வழக்கமான விடை, உலக ஒற்றுமையை வலியுறுத்துகிறார். நானும் அப்படித்தான் எழுதிப் படித்தேன், அப்படித்தான் பல ஆண்டு சொல்லியும் கொடுத்தேன். சரி, வலியுறுத்துவது என்றால் என்ன? கேட்காத ஒருவர் எதிரே இருக்க வேண்டும், அவரிடம் இதைச் செய், இதைச் செய்யாதே என்று அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டில் ஏவல் வினை எங்கே இருக்கிறது, தேடுங்கள் என்றேன். 13 வரியையும் தலைகீழாகப் புரட்டினார்கள், ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக ‘இலமே’ நான்கு முறை கிடைத்தது. வாழ்க்கை இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்து இன்னாது என்றதும் இல்லை, பெரியோரை வியந்ததும் இல்லை, சிறியோரை இகழ்ந்தது அதைவிடவும் இல்லை. எல்லாம் தன்மைப் பன்மை. நாங்கள் இப்படி இருப்பதில்லை என்கிறாரே தவிர நீங்கள் இப்படி இருங்கள் என்று எந்த இடத்திலும் இல்லை.

“அப்ப அவர் மறுக்கிறார்னு எழுதலாமாம்மா?” என்று ஒரு பையன் கேட்டான். நான்கு இலமே இருக்கிறதே, எழுதலாம் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, அவரே சொல்லிட்டாரே, ‘தெளிந்தனம்’னு இருக்கே, தெளிஞ்சதைச் சொல்றார்னு எழுதக்கூடாதா என்றாள். ஆற்றில் நீர்வழியே போகும் தெப்பம் போல உயிர் முறைவழியே போகும் என்று அறிந்தவர்கள் கண்டுசொன்னதால் தெளிந்தோம், அதனால் வியப்பதும் இல்லை, இகழ்வதும் இல்லை. அந்த ‘ஆகலின்’ வரை அவள் விரல் வைத்துக் காட்டினாள். புலவர் தன் செயலுக்குத் தானே வினை எழுதி வைத்திருக்கும்போது நாம் ஏன் வேறொன்றைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும்? இரண்டு பிள்ளைகளின் சொல்லும் சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ‘மறுக்கிறார்’ என்று தொடங்கியவன் நான்கு இலமேயையும் விளக்கியாக வேண்டும். ‘தெளிந்ததைச் சொல்கிறார்’ என்று தொடங்கியவள் தெப்பத்தைத் தொடாமல் விடையை முடிக்க முடியாது. வினையைச் சரியாக எடுத்துவிட்டால் அடுத்த பத்தியில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதே இல்லை, அதுவே இழுத்துக்கொண்டு போகும். நான் இந்த வேலையில் கண்ட பெரிய பலன் அது.

இவ்வளவு பார்க்கணுமாம்மா என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்குத் தொல்காப்பியத்தில் ஈ, தா, கொடு மூன்றையும் சொன்னேன். மூன்றும் ஒன்றைக் கேட்டு வாங்கும்போது வரும் சொற்கள். தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. அந்த ஏற்றத்தாழ்வு இன்றைக்கு நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டதுமே பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்கும் காது நம் மொழிக்கு இருந்திருக்கிறது, அந்தக் காதை விட்டுவிடக் கூடாது.

ஒரு மூத்த ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொதுத்தேர்வில் விடைக்குறிப்பைப் பார்த்துத்தான் திருத்துவார்கள், பிள்ளைகளைக் குழப்பாதீர்கள் என்றார். அவர் கவலை நியாயமானது, மதிப்பெண் போனால் போனதுதான். அதனால் பிள்ளைகளிடம் விடைக்குறிப்பில் இருக்கும் கருத்துகள் எல்லாம் வந்துவிடட்டும், வினை மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும் என்றேன். ‘கூறுகிறார்’ என்ற சொல்லின்மேல் எனக்குப் பகையும் இல்லை. புலவர் ஒரு செய்தியை வெறுமனே சொல்லிப்போகும் இடத்தில் அதைவிடச் சரியான சொல் கிடையாது, அங்கே போய் ‘சித்திரிக்கிறார்’ என்று எழுதினால்தான் பிழை.

கம்பனில் இதைச் செய்தபோது எனக்கே புதிதாக ஒன்று கிடைத்தது. காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிவைத்த கம்பன் விழா எங்கள் ஊர் வழக்கத்தோடு சேர்ந்தது, சின்ன வயதில் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு போய் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வில்லொடித்த பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ‘தடுத்து இமையாமல் இருந்தவர் தாளின் மடுத்ததும் நாண்நுதி வைத்ததும் நோக்கார் கடுப்பினில் யாரும் அறிந்திலர் கையால் எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்.’ இராமனின் வேகத்தைக் கம்பர் வருணிக்கிறார் என்று எழுதுவோம். ஆனால் ஒடித்ததைக் காட்டவே இல்லையேம்மா என்றான் ஒருவன், மறைக்கிறார் என்று எழுதினான். மறைக்கிறாரா? அந்தச் சொல்லோடு அரைமணி நேரம் மல்லுக்கு நின்றோம். பாட்டின் வினைமுற்றுகளை மட்டும் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். நோக்கார், அறிந்திலர், கண்டனர், கேட்டார். நான்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையவை. இராமனுக்கு ஒரு வினைமுற்றுகூட இல்லை, அவன் செய்தது எல்லாம் மடுத்ததும், வைத்ததும், எடுத்தது என்று பெயராகத்தான் வருகிறது. அவர்களுக்குத் தெரிந்ததுதான் நமக்கும், அதற்குமேல் ஒரு துளி இல்லை. “நம்மளையும் அந்தச் சபையில உக்கார வைக்கிறாரும்மா” என்றாள் கொட்டான்காரப் பெண். உட்கார வைக்கிறார் என்றே எல்லாரும் எழுதிக்கொண்டோம்.

போன ஆண்டு பாரி மகளிர் பாட்டுக்கு ஒரு தாள் வந்தது. பாரியின் பறம்பு என்று சொல்லும் பிரான்மலை சிங்கம்புணரிப் பக்கம், பிள்ளைகள் சுற்றுலா போய்வந்த மலை. ‘அற்றைத் திங்கள்’ பாட்டுக்கு அந்தத் தாளை எழுதிய பெண், ‘பாரி மகளிர் இரண்டு நிலவுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். கணக்கா, தகப்பனை இழந்த பிள்ளைகளா என்று எனக்குச் சுருக்கென்றது, சிவப்பு மையில் மேலே ‘புலம்புகிறார்கள்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுடைய ஐயா ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவராம், வரவையும் பற்றையும் எதிரெதிரே வைத்து ஐந்தொகை எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

“புலம்பலையேம்மா. அன்னைக்கு என்ன இருந்துச்சு, இன்னைக்கு என்ன இல்லன்னுதான் எழுதுறாங்க. வரவுல அப்பாதான் முதல்ல, அப்புறம் குன்று. பற்றுல குன்ற முதல்ல எழுதிட்டு அப்பாவக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க.”

புத்தகத்தைத் திறந்தேன். எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார். கீழே, எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே. இத்தனை ஆண்டு வகுப்பெடுத்தும் அந்த வரிசை மாறியிருப்பது என் கண்ணில் பட்டதில்லை. எழுத முடியாமல் தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் எழுதியிருக்கிறார்கள். தாளை வாங்கி, சிவப்பு மையில் நான் எழுதியதை அடித்தேன்.