நாற்பதடிக் கயிறு

ஏப்ரல் 10

பங்குனி முடிய இன்றோடு நான்கு நாள். அதற்குள் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்குச் சித்திரை வெயில் வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டது. பேப்பரில் வழக்கம்போல் ‘வெயில் சதம்’. நூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 37.8 செல்சியஸ். செல்போன், டிவி எல்லாம் செல்சியஸுக்கு மாறி எத்தனையோ வருடம் ஆயிற்று. சதம் அடிக்கிற சுகத்துக்காக இந்த ஒன்றை மட்டும் நாம் விடவில்லை.

சென்னையில் இருந்தவரை வியர்வை உடம்பை விட்டு இறங்காது. இங்கே வியர்ப்பதே தெரிவதில்லை. வியர்த்த கையோடு காய்ந்து, கழுத்தில் உப்பாக நெரநெரக்கிறது. பின்கட்டுக் கொடியில் போட்ட துண்டு, நான் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அப்பளமாகிவிட்டது. உதட்டுக்கு அப்பத்தா வெண்ணெய் தடவச் சொல்கிறாள். தடவினால் எறும்பு வருகிறது.

பதினோரு பங்கு வீடு இது. நடுமுற்றமான வளவைச் சுற்றி அறைக்கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பங்காளியின் பூட்டு. குடியிருப்பது அப்பத்தாவும் நானும், பகலில் வேலைக்கு வரும் அக்காவும்தான். ஆள் இல்லாத வீடு வெயிலுக்கு நல்லது என்று தோன்றுகிறது. தாழ்வாரப் பத்தியில் ஆத்தங்குடித் தரைக்கல் மேல் வெறுங்காலோடு நடந்தால் பாதம் நன்றி சொல்கிறது.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து தம்பி மகன் பேசினான். எட்டாவது படிக்கிறான், வானியல் பைத்தியம். “அயித்தை, சூரியன் இப்ப கன்னியாகுமரிக்கு நேர் மேல நிக்குது. ஒரு நாளைக்கு நாப்பது கிலோமீட்டர் வடக்க நகரும். 16-ஆம் தேதி உச்சியில உங்க தலைக்கு மேல வந்துரும். அப்ப நிழலே விழாது, பாருங்க” என்றான். அவர்களுக்கு மார்ச்சிலேயே வந்து போய்விட்டதாம்.

நாளுக்கு நாற்பது கிலோமீட்டர். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் கால் உரமுள்ளவர் நடக்கிற நடைதான். சூரியன் நடந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

ஏப்ரல் 11

மோட்டார் போய்விட்டது.

காலை எட்டு மணிக்கு ஒரு முனகல், அப்புறம் ரப்பர் கருகுகிற வாடை. மெக்கானிக் தம்பி வந்து, கிணற்றுக்குள்ளிருந்து மேலே தூக்கி, திறந்து பார்த்து, மூடினார். “காயில் கருகிருச்சு ஆச்சி. லோ வோல்டேஜு. புதுசாக் கட்டணும். கட்டுறவுக வருசப் பொறப்பு கழிச்சுத்தான் கடை தெறப்பாக.”

குடிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான். பரணிலிருந்து தாம்புக்கயிறை இறக்கினோம். நாற்பதடி. நடுவில் ஓரிடத்தில் சிவப்புத் துணி வைத்து முடிச்சுப் போட்டிருக்கிறது. ஐயா காலத்து முடிச்சாம். வாளி தண்ணீரைத் தொடும்போது அந்த முடிச்சு சகடைக்கு வந்தால் கிணறு பாதி என்று கணக்கு. இன்று வாளி தண்ணீரைத் தொட்டபோது முடிச்சு சகடையைத் தாண்டி எங்கேயோ கீழே இருட்டுக்குள் இருந்தது. கையில் மிச்சம் நாலு முழக் கயிறுதான்.

சகடைக்கு எண்ணெய் விடாமல் இழுத்தது என் தப்பு. பத்தாவது வாளியில் வலது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, தோல் உருண்டு வந்துவிட்டது.

மத்தியானம் பன்னிரண்டேகால் இருக்கும், பாத்திரம் கழுவத் தண்ணீர் இறைக்கப் போனேன். எப்போதும் இருட்டாகக் கிடக்கும் கிணற்றுக்குள் விளக்குப் போட்டதுபோல் வெளிச்சம். அடி வரைக்கும் செம்புறாங்கல் வரிசை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. நடுவில் தண்ணீர் பளீரென்று வட்டமாக. வட்டம் என்று சொல்லக்கூடாது. தெற்கு ஓரத்தில் மட்டும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலத்துக்குக் கறுப்பாகப் பிறை மாதிரி நிழல். சூரியன் இன்னும் நமக்குத் தெற்கேதான் இருக்கிறது என்பதற்கு அந்தப் பிறைதான் அத்தாட்சி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் இந்த நேரத்தில் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 12

ஆத்தங்குடிக்குப் போக வேண்டியிருந்தது. முகப்பில் உடைந்த நான்கு கல்லுக்கு அதே பூ வேண்டும். காலை ஆறரைக்கே அங்கே பாதி வேலை முடிந்திருக்கிறது. வெயில் ஏறினால் கலவை கையிலேயே இறுகிவிடும் என்றார் ஒரு பெரியவர்.

அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சாயக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார், சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சை நேராகத் தூக்குகிறார். கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவுகிறார், அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்துக் கரணையால் தட்டுகிறார். முடிந்தது, ஒரு கல். காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறும், அப்புறம் வெயிலில். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் வழவழப்பு. தண்ணீரும் வெயிலும் இல்லாவிட்டால் இந்தத் தொழில் இல்லை. வெயிலுக்கு இந்த ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை.

திரும்பும்போது சாலையில் கானல். முன்னால் போன லாரியின் டயர்கள் தண்ணீரில் ஓடுவதுபோல் இருந்தன. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், தைலமரம், அங்கங்கே பனை. புங்க மரம் மட்டும் எவனையும் கேட்காமல் புதுத் துளிர் விட்டு நிற்கிறது. அதன் அடியில் ஒரு ஆட்டு மந்தை, ஆட்டுக்கு ஆடு வயிற்றுக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு. நுங்கு வெட்டுகிறவர் அங்கேதான் சைக்கிளை நிறுத்தியிருந்தார். ஆறு வாங்கினேன். வீடு வருவதற்குள் பையில் நான்கு.

ஏப்ரல் 13

இரவு கரண்டு இல்லை. வளவில் பாய் விரித்துப் படுத்தோம். பகலெல்லாம் விரிந்த பர்மாத் தேக்குச் சட்டங்கள் ராத்திரியில் சுருங்கும்போது ‘டக்’ என்று சத்தம் போடுகின்றன, யாரோ நெட்டி முறிப்பதுபோல். “பர்மாக்காரன் பேசுறான், தூங்கு” என்றாள் அப்பத்தா. சின்ன வயதில் இதைக் கேட்டுப் பயந்திருக்கிறேன்.

கிணற்றுப் பிறை இன்று ஒரு சாண்.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. விடிவதற்குள் முகப்பில் கோலம். சென்னையிலிருந்து இரண்டு காரில் பங்காளி வீட்டார் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். மூன்று அறையின் பூட்டு திறந்தது. வீடு முழுக்க வௌவால் வாடையும் சென்ட் வாடையும் கலந்து அடித்தது.

மோட்டார் ரிப்பேர் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். சரி சரி என்றார்கள். ஆனாலும் ஒன்பது பேரும் குளித்தார்கள், இரண்டு பேர் இரண்டு தரம். சித்தப்பா நான்கு வாளி இறைத்துவிட்டு, “என்ன ஒரு எக்ஸர்சைஸ்!” என்று போட்டோ எடுத்துக்கொண்டார். மிச்ச நாற்பது வாளியை நானும் அக்காவும் இறைத்தோம். எனக்கு வருத்தம் இருந்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

பச்சடி நன்றாக வந்தது. வேப்பம்பூவைப் பின்கட்டு மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து அப்பத்தா நேற்றே உதிர்த்து வைத்திருந்தாள். நெய்யில் கறுக வறுத்து, கிளிமூக்கு மாங்காயும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கையில் கடைசியில் போட வேண்டும். முதலில் போட்டால் பாத்திரம் முழுக்கக் கசக்கும். குழந்தைகள் பூவை மட்டும் ஒதுக்கி இலை ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

மத்தியானம் பெரிய பெண் கிணற்றடியில் கை நழுவி, பித்தளைச் செம்பை உள்ளே போட்டுவிட்டாள். நல்ல கனமான செம்பு. பெண் அழுதது. “விடுத்தா, கெணறு எங்கயும் போயிராது” என்றாள் அப்பத்தா. அப்புறம் என்னைப் பார்த்து, “சித்திரை மூணாம் நாள் வரைக்கும் பொறு. அன்னைக்கு உச்சியில கெணத்துக்குள்ள சூரியன் குளிக்கும். விழுந்தது அம்புட்டும் தெரியும்” என்றாள்.

சித்திரை மூன்று என்றால் ஏப்ரல் 16. தம்பி மகன் செயலியில் பார்த்துச் சொன்ன அதே தேதி. எண்பத்துநான்கு வயதில் இதை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தாளே என்று கேட்டால், “நீ எப்ப கெணத்துப் பக்கம் வந்த?” என்கிறாள்.

ஆறு மணிக்கு இரண்டு காரும் கிளம்பிப் போய்விட்டன. மறுபடி பூட்டு.

ஏப்ரல் 15

நேற்று இறைத்த இறைப்பில் தண்ணீர் இரண்டு கல் வரிசை இறங்கியிருக்கிறது. விடியற்காலை பார்த்தால் ஒரு வரிசை ஊறி ஏறியிருந்தது. ஆனால் ஒரே கலங்கல், செம்மண் நிறம். இன்று துணி துவைக்கவில்லை. ஆளுக்கு ஒரு வாளிக் குளியல்.

மூன்று மணிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. அந்த நேரத்துக்கு அடிக்கிறது மேல்காற்று, மேற்கிலிருந்து வருவது. பழந்தமிழில் அதற்குப் பெயரே கோடை. கிழக்குக் காற்று கொண்டல், தெற்குக் காற்று தென்றல், வடக்கே வாடை. காற்றின் பெயரும் பருவத்தின் பெயரும் ஒன்றாகப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, இந்தத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் யாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் சித்திரைக்கும் வைகாசிக்கும் இளவேனில் என்று வைத்தவரை மட்டும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லித் தந்தது: பாலைக்குத் தனி நிலம் கிடையாது, காய்ந்தால் முல்லையும் குறிஞ்சியும் பாலை. பொழுது நண்பகல். ஒழுக்கம் பிரிவு, பொருள் தேடிப் போகிற பிரிவு. பர்மா, மலேயா, இலங்கை என்று போய்ச் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் கட்டிய தெரு இது. பரீட்சைக்கு இதைப் படித்தபோது பக்கத்து வீட்டைப் பார்த்திருந்தால் மனப்பாடம் செய்திருக்கவே வேண்டாம்.

கூழ் வத்தல் காய்ந்துவிட்டது. காலை நான்கு மணிக்குக் கிண்டி, வேட்டியில் ஊற்றியது. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்ததும் பொலபொலவென்று உரிந்து வந்தது. மற்ற ஊரில் இரண்டு நாள் ஆகும். உடைந்ததை அங்கேயே தின்றுவிட்டோம்.

பிறை நாலு விரல்.

ஏப்ரல் 16

மெக்கானிக் தம்பி பதினொன்றே முக்காலுக்கு மோட்டாரைக் கொண்டு வந்துவிட்டார். இத்தனை நாள் இல்லாத அவசரம் இன்றைக்கு. உள்ளே இறக்கினால் தண்ணீர் கலங்கிவிடும். “அரைமணி பொறுங்க தம்பி” என்றேன். எதற்கு என்றார். சூரியன் வருகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. செம்பு விழுந்துவிட்டது, எடுக்க வேண்டும் என்றேன்.

அப்பத்தாவை நாற்காலியோடு கிணற்றடிக்குக் கொண்டு வந்தோம். அக்கா பக்கத்து வீட்டிலிருந்து பாதாளக் கரண்டி, கிணற்றில் விழுந்ததை எடுக்கிற கொக்கி, வாங்கி வந்தாள். நான் சும்மா இருக்காமல் உலக்கையைக் கிணற்றடியில் நிறுத்திப் பிடித்தேன், கிரகணத்துக்கு நிறுத்துவதுபோல். பன்னிரண்டு மணிக்கு அதன் நிழல் மேற்கே அரைக்கால் முழம். பன்னிரண்டேகாலுக்கு உலக்கை தன் காலடியிலேயே நின்றது. அவ்வளவுதான், சத்தமில்லை, ஒன்றுமில்லை. தம்பி தன் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காலுக்கடியில் மட்டும் கறுப்பு.

கிணற்றுக்குள் பிறை இல்லை. தண்ணீர் முழு வட்டமாகப் பளபளத்தது, நடுவில் சகடைச் சட்டத்தின் நிழல் ஒரு கோடு. நேரே குனிந்தால் என் தலை சூரியனை மறைத்தது. தலையை இழுத்தால் கண்ணைக் குத்தியது. கலங்கல் நேற்று ராத்திரியே தெளிந்திருந்தது, அதுவும் ஒரு காரணம்தான். அடித்தரை தெரிந்தது. ஒரு செங்கல், வாளியின் கைப்பிடி, ஒரு பிளாஸ்டிக் மக். தெற்குச் சுவரை ஒட்டி, இத்தனை நாள் பிறைக்குள் கிடந்த இடத்தில், மஞ்சளாக ஏதோ.

“அந்தா!” என்றாள் அக்கா.

கரண்டி மூன்று தரம் வெறுமனே வந்தது. நாலாவது தரம் தம்பி கயிறை வாங்கிக்கொண்டார். மெதுவாக, சுவரில் இடிக்காமல், மேலே கொண்டு வந்தார். செம்புதான். பச்சைக் களிம்பு பிடித்து, கழுத்து நசுங்கி. ஆனால் நேற்று முன்தினம் விழுந்தது இது இல்லை. இது சின்னது, பழசு.

அப்பத்தா மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் கழுத்தடியைத் தேய்த்தாள். பெயர் வெட்டியிருந்தது. கண் தெரியாததால் விரலாலேயே படித்தாள்: “மு... அ...” மறுபடி ஒருமுறை தடவினாள். “நம்ம பதினோரு பங்குல இந்த எழுத்துல யாரும் இல்லையே, ஆத்தா.”

யாருடையது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். அக்கா அதை வாங்கிப் புளி போட்டுத் தேய்க்கப் போனாள். அதற்குள் தண்ணீரின் ஓரத்தில், இந்த முறை மேற்குப் பக்கம், மெல்லிசாக நிழல் ஏறியிருந்தது. எங்கள் செம்பு கண்ணில் படவே இல்லை. தம்பி மணி பார்த்தார். “எறக்கிரவா ஆச்சி?”

ஒன்றேகாலுக்கு மோட்டார் ஓடியது.