சிஎல்ஐக்குக் கீழே

பிப்ரவரி 3
அம்மாவின் லேப் ரிப்போர்ட் வரவில்லை. "நாளைக்கு ஒரு போன் போட்டுட்டு வாங்க சார்."

பிப்ரவரி 4
ஸ்கோப்பில், சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியில், மறுபடி அதே நடுக்கம். டைமர் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறித்து சிப்பைக் கூப்பிடும் மணி) நுழைந்ததும் சிப்பின் ஒரு அவுட்புட் பின்னை உயர்த்துகிறேன். அந்த விளிம்பு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கிறது, நிற்கிறது, திடீரென்று 12 மைக்ரோசெகண்ட் தள்ளி விழுகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 200 சைக்கிள். இன்டரப்டை அடைத்து வைக்கும் இடத்தில் வேலையே இரண்டு பைட் எழுதுவதுதான். நாலு சைக்கிள் சமாசாரம்.

பிப்ரவரி 5
அம்மா அரை இட்லியோடு எழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 6
டிஸ்அசெம்பிளி எடுத்தேன், கம்பைலர் உண்டாக்கிய மெஷின் கட்டளைகளின் பட்டியல். நான் எழுதிய வரிசை: பீரியடை வகு, சிஎல்ஐ (இன்டரப்டை அடை), விடையை எழுது, எஸ்இஐ (திற). ஜிசிசி கம்பைலர் கொடுத்த வரிசை: சிஎல்ஐ, அதற்குக் கீழே வகுத்தல் ரூட்டீனுக்கு ஒரு அழைப்பு, பிறகு மற்றதெல்லாம். என் சிப்பான ஏவிஆரில் வகுக்க ஹார்டுவேர் கிடையாது, பிட் பிட்டாகச் சுற்றித்தான் விடை வரும். அதுவரை இன்டரப்ட் வாசலில் நிற்கிறது.

சிஎல்ஐ மேக்ரோவில் வோலடைலும் உண்டு, மெமரி க்ளாபரும் (மெமரி மாறியிருக்கலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் எச்சரிக்கை) உண்டு. இருந்தும் பயனில்லை. வோலடைல் அந்த வரியை நீக்கவிடாது, இன்னொரு வோலடைலைத் தாண்டவிடாது, அவ்வளவுதான். சுற்றியுள்ள சாதாரணக் கணக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். க்ளாபருக்கு மெமரிதான் கண்ணில் படும்; விடையோ ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஏவிஆரின் சி லைப்ரரியான ஏவிஆர்-லிப்சியின் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள், அங்கேயும் இறங்கிப்போவது ஒரு வகுத்தல்தான். சட்டப்படி கம்பைலர் பக்கம் நியாயம். எரிச்சலே அதுதான்.

அன்றே, இரவு
தூக்கம் இல்லை. லினக்ஸ் கெர்னலின் எக்ஸ்86 கோடைத் துழாவிக்கொண்டிருந்தேன். ஜிசிசி 4.9, 5 வரிசைகளில் வோலடைல் அசெம்களே (சி கோடுக்குள் நேரடியாக எழுதும் அசெம்பிளி வரிகள்) தங்களுக்குள் இடம் மாறக்கூடிய பிழை இருந்திருக்கிறது, 6.5, 7.3, 8.1இல்தான் சரியானது. அதற்காக பிராசஸரின் கண்ட்ரோல் ரிஜிஸ்டர்களை (சிஆர்) படிக்கும் வரிகளில் ஹெக்ஸ் 1000 முகவரியைப் பொய் ஆபரண்டாக (உள்ளீடாக) கொடுத்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்த முகவரியை எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனும் தொடவில்லை. ரசித்தேன்.

பக்கத்து அறையில் இருமல்.

பிப்ரவரி 7
"இன்னும் வரல சார்."

பிப்ரவரி 8
நின்றுவிட்டது!

சிஎல்ஐக்கு முன்னால் ஒரு காலி அசெம் வோலடைல். உள்ளே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனும் கிடையாது, வெறும் மேற்கோள் குறி. ஆனால் பிளஸ்-ஆர் போட்டு, வகுத்த விடையை வாங்கி மாற்றித் தருவதாக எழுதியிருக்கிறேன். விடை இல்லாமல் அந்த வரி ஓடாது, அந்த வரி சிஎல்ஐயைத் தாண்டாது. வகுத்தல் அழைப்பு மேலே ஏறிவிட்டது. விளிம்பு கம்பிபோல நிற்கிறது.

டீமுக்குப் புதிதாக வந்த பையன், "ஆப்டிமைசேஷனையே நிறுத்திரலாமேண்ணா" என்றான். ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) எழுத முதல் பிட்டைப் போட்டு நாலு சைக்கிளுக்குள் அடுத்த பிட்டைப் போட வேண்டும், நிறுத்தினால் கோடு மெதுவாகிவிடும், அந்தக் கெடுவை யார் காப்பாற்றுவது என்று கத்தினேன். அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 9
டாக்டரே கூப்பிட்டார். நாளைக் காலை நேரில் வரச் சொன்னார். அம்மாவிடம் சும்மா செக்கப் என்று சொல்லியிருக்கிறேன். ரைஸ்குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டே, "சும்மாவுக்கு எதுக்குடா லீவு?" என்றாள்.

எஸ்பிஐ (சிப்புகள் தங்களுக்குள் பேசும் பஸ்) ஃபைலில் இன்னும் சிஎல்ஐக்கள் பாக்கி.